எம்டன் இரவை நடித்துக் காட்டும்போது நேரும் பிழைகள்

‘ஆள் சரியான எம்டன்’ என்ற பேச்சைக் கேட்காமல் வளர்ந்த தமிழர் குறைவு. அந்தப் பெயர் நம் நாவில் ஏறக் காரணம் 1914 செப்டம்பர் 22 இரவு. எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை நோக்கிச் சுமார் 130 குண்டுகளைச் சுட்டுவிட்டு இருளில் மறைந்தது. அந்த இரவை வேடமிட்டு நடித்துக் காட்ட விரும்புவோர் பெரும்பாலும் சறுக்குவது, இரண்டு உலகப் போர்களையும் ஒன்றாகக் குழைத்துவிடுவதில்தான்.

அபாயச் சங்கு, விளக்கணைப்பு, பதுங்கு குழி எல்லாம் 1942-க்கு உரியவை. அந்த ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியதும் சென்னை மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். 1914-இல் நிலைமை வேறு. துறைமுகத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. நாடகத்தில் முன்கூட்டியே சங்கு ஊதிவிட்டால், யாரும் எதிர்பாராத தாக்குதல் என்ற உண்மையே செத்துவிடும்.

உடையிலும் இதே குழப்பம். வாடகைக் கடையில் ‘ஜெர்மன் உடை’ என்று கேட்டால் ஸ்வஸ்திகா பட்டையோடு ஹிட்லர் காலத்து உடையைத் தூக்கிக் கொடுப்பார்கள். எம்டனில் பறந்தது ஜெர்மன் பேரரசர் கைசரின் கடற்படைக் கொடி: வெண்துணியில் கருஞ்சிலுவை, நடுவே கழுகு. பிரிட்டிஷ் சிப்பாய்க்கு இரும்புத் தொப்பியும் வேண்டாம். அது 1915-இல்தான் வந்தது.

சொன்னால் பலருக்குக் கோபம் வரும் பிழை ஒன்று உண்டு. விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளையை எம்டனின் மேல்தளத்தில் நிறுத்தும் காட்சி அது. கைதட்டல் நிச்சயம், சான்றுதான் இல்லை. கப்பல் சீனக் கரையில் இருந்த சிங்தாவோவிலிருந்து புறப்பட்டு வந்தது. அவரோ அப்போது ஐரோப்பாவில், சூரிச் நகரிலிருந்து இந்திய விடுதலைக்காக இயங்கிக்கொண்டிருந்தார். அவர் பெருமைக்கு அந்த வேலையே போதும். மக்கள் ஏன் அவரைக் கப்பலில் ஏற்றினார்கள் என்பதை ஒரு கதைசொல்லி பேசலாம்; அதுவும் வரலாறுதான்.

கப்பல் தலைவர் கார்ல் ஃபான் முல்லர், பிடிபட்ட மாலுமிகளைக் கண்ணியமாக நடத்தியவர் என்று பெயர் பெற்றவர். அதற்காக மேடை முழுவதையும் அவருக்கே எழுதிக் கொடுத்துவிடக் கூடாது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தபோது ஓடிய காவலாளி, துறைமுகத்தில் நின்ற சரக்குக் கப்பலின் மாலுமி, மறுநாள் மூட்டை முடிச்சோடு ரயில் நிலையத்துக்கு விரைந்த குடும்பம் ஆகியோருக்கும் வசனம் எழுதுங்கள். பார்வையாளர்கள் தங்கள் பாட்டன், பாட்டியை அவர்களிடம்தான் அடையாளம் காண்பார்கள்.

இடத்தைப் பற்றி ஒரு சொல். துறைமுகத்துக்குள் அனுமதி கேட்டு அலைய வேண்டாம். குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டு உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் இருக்கிறது. ஆனால் சாலை இரைச்சலில் நடிகர் குரல் எடுபடாது. ஞாயிறு அதிகாலையே வசதி. இரவுக் கதையை விடியலில் நடிப்பதா என்று யாராவது முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.