டெல்லிக் குளிருக்கு முதல் ஸ்வெட்டர்: கடையிலேயே சோதித்து வாங்குவது எப்படி?

வேலைக்கோ படிப்புக்கோ டெல்லி வரும் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் நவம்பர் கடைசியில்தான் ஸ்வெட்டர் தேடிக் கிளம்புகிறார்கள். கையில் 1,000 ரூபாய் இருக்கும், கண் நேராக நிறத்துக்குப் போகும். நானும் முதல் வருடம் அப்படித்தான் வாங்கினேன். தொட்டால் பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருந்தது. ஒரே மாதத்தில் அக்குள் பக்கமெல்லாம் பஞ்சு உருண்டை உருண்டையாகத் திரண்டு பழந்துணி ஆகிவிட்டது. உங்கள் காசு அப்படிப் போகக்கூடாது.

படி 1: எப்போது போடப்போகிறீர்கள்?

ஜனவரி விடியற்காலையில் இங்கே 6, 7 டிகிரி இருக்கும். வெயில் வந்தால் மதியம் 20 டிகிரியைத் தொடும். சாயங்காலம் மறுபடி நடுக்கம். பெரும்பாலான வாடகை அறைகளுக்குள்ளும் அதே குளிர்தான். அதனால் முன்பக்கம் பட்டன் வைத்த, நடுத்தரத் தடிமன் உள்ள ஒன்றைப் பாருங்கள். கழற்றிப் போட வசதி. பின்னலின் இடுக்கில் நிற்கும் காற்றுதான் உடல் சூட்டைக் காக்கிறது. ஆனால் வெளிக்காற்று வீசினால் அது பின்னலுக்குள் புகுந்துவிடும். குண்டான ஸ்வெட்டர் ஒன்றைவிட, அளவான ஸ்வெட்டரும் மேலே ஒரு மெல்லிய ஜாக்கெட்டும் நன்றாகத் தாங்கும்.

படி 2: லேபிளைப் படியுங்கள்

உள்பக்கத் தையலில் இருக்கும். கேஷ்மிலான் என்று சொன்னால் காஷ்மீர் கம்பளி என்று நினைக்க வேண்டாம், அது அக்ரிலிக் என்ற செயற்கை நூல். 500 ரூபாய்க்குப் புதிய 'ப்யூர் வுல்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அதற்காக அக்ரிலிக் மட்டம் என்று அர்த்தமில்லை. துவைக்கச் சுலபம், கம்பளி மாதிரி சுருங்காது, பூச்சி அரிக்காது. கம்பளி லேசாக ஈரமானாலும் சூடு தரும், சீக்கிரம் வாடை பிடிக்காது. இரண்டும் கலந்தது உங்கள் விலையில் கிடைத்தால் அதை எடுங்கள். கிடைக்காவிட்டால் நன்றாகப் பின்னிய அக்ரிலிக்கே தினசரிக்குப் போதும்.

படி 3: கையால் சோதியுங்கள்

இதுதான் முக்கியம், அவசரப்படாதீர்கள். மணிக்கட்டுப் பட்டியை இரண்டு மடங்கு அகலத்துக்கு இழுத்து விடுங்கள். சட்டென்று பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். தொளதொளவென்று நின்றால் அப்படியே வைத்துவிடுங்கள். அப்புறம் உள்ளங்கையால் ஒரே இடத்தில் பத்துத் தடவை தேயுங்கள். இழை கிளம்பி நின்றால், போடப்போட அது உருண்டை கட்டும். நூலை இறுக்கி முறுக்காமல் விட்டாலும் அந்த மெத்தென்ற சுகம் கிடைக்கும், அதனால் மென்மையை மட்டும் நம்ப வேண்டாம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பின்னல் எங்கும் ஒரே சீராக இருக்க வேண்டும்.

கடைசியாக உள்பக்கத்தை வெளியே திருப்புங்கள். கைக்குழி ஓரத்தில் சின்னச் சின்ன முடிச்சுத் தடம் சாய்வாக வரிசை கட்டியிருந்தால், அது உருவத்துக்கு ஏற்பக் கண்ணியை, அதாவது நூல் வளையங்களை, குறைத்துப் பின்னியது. நெடுநாள் உழைக்கும். துணியாக வெட்டி, ஓரம் பிரியாமல் இருக்க ஓவர்லாக் தையல் அடித்தது என்றால் தோள்பட்டைத் தையலை இரு பக்கமும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் வேண்டாம்.

படி 4: போட்டுப் பாருங்கள்

சட்டைக்கு மேலேயே போடுங்கள். இரண்டு கையையும் தூக்கினால் இடுப்பு தெரியக்கூடாது.

குளிர்காலத்தில் திபெத்தியர்கள் போடும் கடைகளில் நிதானமாகத் திருப்பிப் பார்க்க விடுவார்கள். அங்கே வரும் சரக்கில் பெரும்பகுதி பஞ்சாபின் லூதியானாவில் பின்னியது. ஜனவரி பாதிக்கு மேல் பல கடைகளில் தள்ளுபடியும் தொடங்கிவிடும்.

படி 5: முதல் துவையல்

குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு போதும். முறுக்கிப் பிழியாதீர்கள். துண்டுக்குள் வைத்துச் சுருட்டி அழுத்தினால் தண்ணீரைத் துண்டு உறிஞ்சிவிடும். கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் கை நீண்டுபோகும். நிழலில் பாயை விரித்து, கைகளை நேராக்கிப் பரப்பி உலர்த்துங்கள்.