முக்திநாத் போகிறீர்களா? முதல் விமானத்தையே பிடியுங்கள்

நேபாளத்தின் பொக்காராவிலிருந்து, முக்திநாத்துக்கு அருகே விமானம் இறங்கும் ஊரான ஜோம்சோமுக்கு டிக்கெட் போடும்போது, அன்றைய முதல் விமானத்தையே கேட்டு வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. வெயில் ஏற ஏற திபெத் பீடபூமி சூடாகி, விமானம் போகும் காளி கண்டகி பள்ளத்தாக்கு வழியாகக் காற்றை இழுக்கும். முற்பகலிலேயே அது பலத்துவிடுவதால் நண்பகலுக்குள் விமானங்கள் நின்றுவிடும். முதல் விமானம் தாமதமானாலும் காற்றுக்கு முன் பறக்க இடமுண்டு. கடைசி விமானம் தாமதமானால் அன்று பயணமே இல்லை.

பெட்டி விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. ஜோம்சோம் ஏறத்தாழ 2,700 மீட்டர் உயரம், அங்கே காற்று மெலிது. இருபது பேர்கூட அமராத ட்வின் ஓட்டர் போன்ற விமானம் அங்கிருந்து குறைந்த எடையோடுதான் எழும்ப முடியும். சக்கரம் வைத்த பெட்டியைப் பொக்காரா விடுதியிலேயே விட்டுவிட்டு, துணிப்பை ஒன்று போதும். கம்பளி ஸ்வெட்டரைப் பையில் திணிக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்த வழி பலிக்காது. காலையிலேயே மேகம் மூடிவிடும். அப்போது ஒரு நாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஜீப்பில் போங்கள். மழையில் சாலையும் சரியும் என்பதால் அதற்கும் நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.