பட்டறைக்கு இடம் பார்ப்பது எப்படி?

சொந்தமாகப் பட்டறை போட நினைக்கும் தோட்டத்துத் தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, வாடகை எங்கே குறைவு?" என்றுதான். நானும் அதைத்தான் பார்த்தேன். சுங்கை பட்டாணிக்கு வெளியே, செம்பனைக்கு நடுவே மலிவாக ஒரு கொட்டகை கிடைத்தது. அங்கே இரண்டு வருஷம் லேத் (இரும்பைச் சுழற்றிக் கடையும் மெஷின்) ஓட்டினேன்.

வாடகையைக் கடைசியாகக் கேளுங்கள். முதலில், செய்து முடித்த வேலை ஒன்றை எடுத்து, அது எங்கெங்கே போய் வந்தது என்று தாளில் எழுதுங்கள். என்னுடையது செம்பனை ஆலையின் பம்ப் ஷாஃப்ட். கடைய மூன்று மணி நேரம். பேரிங் வாங்கவும், இன்னொருவரின் மில்லிங் மெஷினில் கீவே (சக்கரம் நழுவாமல் கட்டை செருகும் பள்ளம்) வெட்டவும் லோரியில் அலைந்தது அரை நாள். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் வேக வேண்டும், தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறும். ஆலைக்காரர் எனக்காக எப்படிக் காத்திருப்பார்?

இப்போது பட்டறைகள் நிறைந்த தெருவுக்கு மாறிவிட்டேன். பேரிங் கடை எதிரே இருக்கிறது. மில்லிங் மெஷின் நாலு கடை தள்ளி. நான் அதை வாங்க வேண்டியதில்லை, அவர் மெஷினும் சும்மா கிடப்பதில்லை. பினாங்கில் 1972 முதல் பாயான் லெப்பாஸில் இன்டெல் போன்ற கம்பெனிகள் வந்தபோது, அவற்றுக்கு உதிரிபாகம் செய்த உள்ளூர்ப் பட்டறைகளும் இப்படித்தான் பக்கத்திலேயே வளர்ந்தன.

அப்புறம், நீங்கள் இடம் பார்க்கும் தெருவின் ஒட்டுக்கடையில் ஒரு காலை முழுக்க உட்காருங்கள். தொழில் பேச்சு காதில் விழுகிறதா? ஸ்டெயின்லெஸ் கடையும்போது எனக்கு பிட் (வெட்டும் முனை) மழுங்கிக்கொண்டே இருந்தது. "வேகத்தைக் குறை, ஃபீடைக் (பிட் முன்னேறும் அளவை) குறைக்காதே, உரசினால் இரும்பு இறுகிவிடும்" என்று பக்கத்து மேசை தவுக்கே (கடை முதலாளி) தே குடித்துக்கொண்டே சொன்னார். கொட்டகையில் இருந்தவரை இதைச் சொல்ல எனக்கு ஆளே இல்லை. தொழில் நுணுக்கம் இப்படிப் பரவுவதை ஆல்ஃபிரெட் மார்ஷல் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் 1890லேயே எழுதியிருக்கிறார். பழகிய ஆள் கிடைப்பதையும், துணைத் தொழில்கள் சேர்வதையும்கூடச் சொன்னார்.

ஆள் விஷயத்தில் மட்டும் கவனம். அமெரிக்காவில் பெரிய தொழிற்சாலை வந்த ஊர்களை ஆராய்ந்து 2010இல் ஓர் ஆய்வு வெளியானது. ஏற்கெனவே அங்கிருந்த ஆலைகளின் உற்பத்தித்திறன், அந்தத் தொழிற்சாலைக்குப் போட்டியிட்டுத் தவறவிட்ட ஊர்களின் ஆலைகளைவிட ஐந்தாண்டில் 12 சதவீதம் அதிகம், கூலியும் ஏறியது. நான் பழக்கிய பையனும் கூடுதல் சம்பளத்துக்குப் பக்கத்துப் பட்டறைக்குப் போனான். மனசு வலித்தது. ஆனால் அதே வாரம் வேலை தெரிந்த இன்னொருவர் தானாக வந்து கேட்டார். கொட்டகையில் ஆள் தேட எனக்கு நாலு மாதம் ஆனது. வருஷாவருஷம் சம்பளம் ஏற்றுவதையும் கணக்கில் எழுதிவிட்டு, சரி, இப்போது வாடகையைக் கேளுங்கள்.