படைச் சின்னம் அச்சிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் சட்டை அச்சிடும் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன், முன்னாள் ராணுவ வீரர்களின் ஒன்றுகூடலுக்காக அடித்த சட்டையைக் கொண்டுவந்து காட்டினான். நான் தொடக்கத்தில் செய்த அதே பிழை. நிறமும் அளவும் பிசகுவது ஒரு வாரத்தில் சரியாகிவிடும், அவற்றை விடுகிறேன்.

படத்தைத் திருப்ப மறப்பது

மலேசிய ராணுவத்தின் அரச மலாய்ப் படைப்பிரிவு 1933இல் போர்ட்டிக்சனில் 25 பேருடன் தொடங்கியது. அதன் சின்னத்தில் எதிரெதிர் நிற்கும் இரண்டு புலிகள் கிரீடத்தைத் தாங்குகின்றன. நடுவில் உறையிலிட்ட கெரிஸ், அதாவது மலாய்க் குத்துவாள். கீழே, மலாய் மொழியை அரபு வடிவில் வலமிருந்து இடமாக எழுதும் ஜாவி எழுத்தில் ‘தாஆட் செத்தியா’: பற்றும் விசுவாசமும்.

சூடாக அழுத்திப் படத்தைத் துணிக்கு மாற்ற நான் எடுத்த வெப்ப அச்சுத் தாளில் படத்தை இடவலம் திருப்பி எடுத்தால்தான் துணியில் நேராக விழும். இந்தச் சின்னத்தை நான் திருப்பவில்லை. புலிகள் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுபோலவே நிற்கும் என்பதால் கண் ஏமாந்தது. 60 சட்டைகள். வாங்க வந்த பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) ஒரு சட்டையை மேசையில் விரித்து, வலக்கோடியில் விரல் வைத்து இடப்பக்கமாக நகர்த்தினார். விரல் நின்றுவிட்டது. “வாசிக்க வரவில்லையே” என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். காசு போனதைவிட அந்த விரல் நின்றதுதான் இன்றும் உறுத்துகிறது. அவர் வாழ்நாளெல்லாம் சுமந்த சொல் அது. சரிபார்க்க எனக்கு அரை நிமிடம் போதுமாயிருந்தது.

புலியைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் பாருங்கள். ‘செத்தியா’ அலிஃப் என்ற எழுத்தில் முடிகிறது. அந்த நெட்டைக் கோடு துணியில் இடக்கோடியில் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய எழுத்தான யாவுக்குக் கீழே இரண்டு புள்ளிகள், அதற்கும் முந்தைய தாவுக்கு மேலே இரண்டு. மேற்புள்ளி ஒன்று அழிந்தால் தா, நூன் என்ற வேறு எழுத்தாகிவிடும்.

முழக்கத்தைத் திருத்துவது

மலேசிய ராணுவத்தின் ரேஞ்சர் படை முழக்கமான ‘அகி இடூப் அகி ஙெலாபான்’ என்பதில் எழுத்து விட்டுப்போனதாக நினைத்து ‘ஹிடூப்’ என்று மாற்றிவிடுகிறார்கள். அது மலாய் அல்ல, சரவாக் பழங்குடியினரான இபான்களின் மொழி: உயிருள்ளவரை எதிர்த்து நிற்போம். 1948 ஜூன் 16 அன்று நம் ஊர்ப்பக்கத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் கம்யூனிஸ்டுப் போராளிகளால் கொல்லப்பட்டு மலாயாவில் அவசரகாலம் வந்தபோது, காட்டில் அந்தப் போராளிகளின் தடம் பார்க்கச் சரவாக்கிலிருந்து இபான் வீரர்களை வரவழைத்தார்கள். அவர்கள் வழியில் வந்த படை இது. தோட்டத்துப் பிள்ளைகளே அதைத் திருத்துவது எனக்குப் பொறுக்கவில்லை.

கெரிஸை உருவுவது

அது உறைக்குள்தான் இருக்கிறது. வெறும் அலகாக வரையாதீர்கள்.

அனுமதி

சின்னத்தை அச்சிடும் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.