பி25 சுண்டெலியில் நாம் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

பி25 என்ற புரதம் மூளையில் மிகுதியாக உண்டாகும்படி மரபணு சேர்த்த எலிதான் பி25 சுண்டெலி. அல்சைமர் போன்ற மூளைச் சிதைவை ஆராய அதை வளர்க்கிறோம். போன மாதம் புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருவர் மூளைச் சீவல் படங்களோடு ஓடிவந்தார். "அக்கா, ஹிப்போகேம்பஸ் எப்படிச் சுருங்கியிருக்கு பாருங்க!" ஹிப்போகேம்பஸ் மூளையில் நினைவுக்கான பகுதி. எதோடு ஒப்பிட்டீர்கள் என்று கேட்டேன். "வைல்டு டைப் எலியோடதான்." அதாவது மரபணு எதுவும் சேர்க்காத சாதாரண எலி. எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் திரும்பி வந்தது. பிப்பெட்டைத் தப்பாகப் பிடிப்பது போன்றவை தானாகவே திருந்திவிடும், அவற்றை விடுங்கள். தானாகத் திருந்தாதவை இவை.

நொதியை வில்லனாக்குவது

பி25 முடுக்கிவிடும் சிடிகே5, புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றும் நொதி (கைனேஸ்). அது கெட்ட நொதி இல்லை. கருவில் நரம்பணுக்கள் தத்தம் அடுக்குக்கு நகர்ந்து போக அது வேண்டும். அது அறவே இல்லாத சுண்டெலிகள் பிறப்பதற்கு முன்போ பிறந்தவுடனோ இறந்துவிடுகின்றன. அதை முடுக்கிவிடும் பி35 புரதம் செல் சவ்வில் ஒட்டியிருக்கும், சீக்கிரம் சிதைந்தும் போகும். புரதங்களை வெட்டும் கால்பெயின் என்ற நொதி அதை வெட்டினால் கிடைக்கும் பி25-க்கு அந்த ஒட்டும் பகுதி இல்லை, ஆயுளும் அதிகம். அப்போதுதான் நொதி கட்டுமீறி ஓடுகிறது. அதிலும் ஒரு வேடிக்கை: 2005-இல் வந்த ஆய்வில் பி25 இரண்டு வாரம் மட்டும் ஓடியபோது எலிகளின் நினைவாற்றல் கூடியது, ஆறு வாரம் ஓடியபோது கெட்டது. எத்தனை நாள் ஓடியது என்று எழுதாத முடிவால் பயனில்லை.

டிடிஏ மட்டும் உள்ள எலியை ஒதுக்குவது

நரம்பியல் ஆய்வாளர் லீ-ஹுவெய் சாய் குழு 2003-இல் வெளியிட்ட சிகே-பி25 எலியில் இரண்டு மரபணுக்கள் சேர வேண்டும். ஒன்று, முன்மூளை நரம்பணுக்களில் டிடிஏ என்ற சுவிட்சை உண்டாக்கும். மற்றது, அந்த சுவிட்ச் தொட்டால் பி25-ஐ உண்டாக்கும். தீவனத்தில் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து இருக்கும்வரை எல்லாம் அணைந்திருக்கும், நிறுத்தினால் ஓடும். ஆளுக்கொரு மரபணு உள்ள இரு எலிகளை இணைத்தால் குட்டிகள் நான்கு வகை, ஏறக்குறைய கால் கால் பங்கு. கூண்டுச் செலவை நினைத்து, இரண்டும் உள்ளதையும் ஒன்றும் இல்லாததையும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடுவோம்.

நானும் அதைத்தான் செய்தேன். ஹிப்போகேம்பஸின் ஒரு பகுதியான டென்டேட் ஜைரஸ் மெலிந்திருந்த படத்தைக் குழுக் கூட்டத்தில் பெருமையாகக் காட்டினேன். பின்வரிசையிலிருந்து ஒரு சீனியர், "டிடிஏ மட்டும் இருக்கிற எலி எங்கே?" என்றார். அந்த எலி என்னிடம் இல்லை.

டிடிஏ-வே சில எலி இனங்களில் டென்டேட் ஜைரஸ் அணுக்களைக் கொல்லும். குட்டிப் பருவத்தில் டாக்சிசைக்ளின் கொடுக்காவிட்டால் இது நடக்கும் என்று 2012-இல் ஆய்வுக் கட்டுரையே வந்தது. அதாவது நான் பி25 மேல் போட்ட பழியில் எவ்வளவு பி25-உடையது, எவ்வளவு சுவிட்சுடையது என்று சொல்லவே வழியில்லை. மறுபடி இணைசேர்ப்பு, மூன்று வாரக் கர்ப்பம், ஆறு வாரம் டாக்சிசைக்ளின், ஆறு வாரம் நிறுத்தம், அப்புறம் நடத்தைச் சோதனை. நான்கு மாதத்துக்கு மேல் போனது. இப்போதும் நினைத்தால் எரிகிறது, முக்கியமாக அந்தக் குட்டிகளை என் கையாலேயே கழித்ததால்.

ஆகவே ஒரே ஈற்றிலிருந்து டிடிஏ மட்டும் உள்ள உடன்பிறப்புகளை வைத்திருங்கள். அவற்றுக்கும் அதே நாளில் டாக்சிசைக்ளினைத் தொடங்கி, அதே நாளில் நிறுத்துங்கள். இணைசேர்க்கும் நாளிலிருந்தே தாய்க்கும் கொடுங்கள். இடையில் ஒரு வாரம் தீவனம் மாறிப்போனால், நீங்கள் பார்ப்பது முதிர்ந்த மூளையின் நோயா, வளர்ச்சியில் விழுந்த கோணலா என்று யாராலும் பிரிக்க முடியாது.

எடுத்த மூளையை மேசையில் வைத்துவிட்டுப் பேசுவது

கால்பெயின் செத்த திசுவிலும் வேலை செய்யும். தாமதித்தால் சாதாரண எலியிலும், புரதங்களைப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் பி25 பட்டை தெரியும். அல்சைமர் நோயாளிகளின் மூளையில் பி25 கூடுகிறதா என்ற பழைய சண்டைக்கும் இதில் பங்குண்டு. எடுத்தவுடன் உறையவையுங்கள்.

மயக்கத்தில் உடல் குளிர்வது

உடல் சூடு இறங்கினால் பாஸ்பேட்டை நீக்கும் நொதிகள் மந்தமாகும், நரம்பணுக்களில் உள்ள டௌ என்ற புரதத்தில் பாஸ்பேட் ஏறும். கைனேஸ் எகிறியதாகத் தோன்றும். சூட்டுப் பலகை வையுங்கள்.

வெஸ்டர்ன் பிளாட்டில் தடித்த பட்டை

அது புரதத்தின் அளவு. நொதியின் செயல் வேறு, அதைத் தனியாக அளக்க வேண்டும்.

டாக்சிசைக்ளின் தீவனம்

வெளிச்சம் படாமல் வையுங்கள். பையில் திறந்த தேதியை எழுதுங்கள்.