அப்பாவோட கழுத்து வீக்கம் வடிஞ்ச கதை
அப்பாவுக்கு நாக்குல கேன்சர், ஆபரேஷன்ல கழுத்து நெறிக்கட்டியையும் சேர்த்து எடுத்துட்டாங்க, அப்புறம் 30 சிட்டிங் ரேடியேஷன். எல்லாம் முடிஞ்சு ரெண்டு மாசத்துல தாடைக்குக் கீழ பை மாதிரி தொங்க ஆரம்பிச்சுது, காலைல எந்திரிக்கும்போது கல்லு மாதிரி இருக்கும், சாயங்காலம் கொஞ்சம் வடியும். கேன்சர் திரும்பிடுச்சோன்னு வீட்ல யாருமே தூங்கல. டாக்டர் ஸ்கேன் பாத்துட்டு அதெல்லாம் இல்ல, நெறிக்கட்டிய எடுத்து ரேடியேஷனும் குடுத்ததால நிணநீர், அதாவது திசுக்கள்ல இருந்து வடியுற தண்ணி, போக வழியில்லாம தேங்குது, இதுக்குப் பேரு லிம்ஃபெடிமான்னாரு.

பிசியோதெரபிஸ்ட் மசாஜ் சொல்லிக் குடுத்தாங்க. முதல் வாரம் நான் தைலம் தேய்க்கிற மாதிரி அழுத்தித் தேய்ச்சுட்டேன், ரேடியேஷன் பட்ட தோலு, செவந்து போச்சு. நிணநீர் குழாய் தோலுக்கு அடியிலயே இருக்கு, அதனால தோல் மட்டும் நகர்ற அளவுக்கு லேசாத்தான் தள்ளணுமாம். வரிசையும் முக்கியங்க: முதல்ல வயித்தால மூச்சு இழுத்து விட்டு, அக்குள், நெஞ்சு, அதுக்கப்புறம்தான் கழுத்து, கடைசில முகம், ஏன்னா கீழ வழி விடாம மேல இருந்து தள்ளுனா தண்ணி எங்க போகும்?

தினமும் ரெண்டு வேளை பண்ணோம். அவங்க அளவெடுத்துக் குடுத்த தாடைப் பட்டி, தலைமாடு உசத்தின கட்டில், கழுத்துப் பயிற்சி, அவ்வளவுதான். ஆறாவது வாரம் அப்பா சட்டையோட மேல் பட்டன போட்டுக் காமிச்சாரு, அம்மா அழுதுட்டாங்க.

ரெண்டு நாள் விட்டா மறுபடி வீங்குது, அதனால இன்னும் விடல. அந்த எடம் செவந்து சூடாகி காய்ச்சல் வந்தா மசாஜ நிறுத்திட்டு உடனே டாக்டர்ட்ட போயிருங்க.