வெரிகோஸ் காலுறை: அளவெடுப்பதும் அணிவதும்

நரம்புச் சுருட்டலுக்கு டாக்டர் எழுதித் தரும் அழுத்தக் காலுறையைக் குத்துமதிப்பாக வாங்காதீர்கள். காலையில் எழுந்ததும், வீக்கம் ஏறுமுன், கணுக்காலுக்குச் சற்று மேலேயும் கெண்டைக்கால் பருத்த இடத்திலும் சுற்றளவு எடுங்கள். வீங்கிய மாலைக் காலுக்கு வாங்கியது காலையில் தொளதொளக்கும்.

காலுறைக்குள் கைவிட்டுக் குதிகால் பகுதியைப் பிடித்து, அதுவரை உட்புறம் வெளியே வரத் திருப்புங்கள். பாதத்தை நுழைத்து, குதிகால் சரியாக உட்கார்ந்தபின் மீதியைச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். விளிம்பைப் பிடித்து இழுத்தால் கிழியும். நீளம் மிஞ்சினால் தயவுசெய்து மடிக்காதீர்கள்: இரட்டை மடிப்பு கயிறு கட்டியதுபோல் இறுக்கி, ரத்தத்தைக் கீழேயே தேக்கும். மேல்விளிம்பு முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் கீழே நிற்கட்டும்.

விரல் நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ உடனே கழற்றுங்கள். கால் தமனியில் அடைப்புள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடவே கூடாது.